தோட்டத்தில் பேர் இருக்கா?

போன மாதம் நீதிமன்றத்திலிருந்து ஒரு பிள்ளை எனக்குப் போன் போட்டாள். நான் நின்று பெயர் கூப்பிட்ட வாசலில் இப்போது நிற்பவள் அவள். பெயர் ரஞ்சனி.

"அம்மா, இனிமே நாங்க தொண்டை கிழியக் கத்த வேணாமாம். மிஷின் வந்திருச்சு. பேரை அடிச்சா அதுவே கூப்பிடுது."

"எப்படிக் கூப்பிடுது?"

"பிச்சமுத்துவை 'பிச்சா முட்டு'ன்னு கூப்பிடுதும்மா. மனுசன் வாசல்லயே நிக்கிறாரு, வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த வாயாலேயே, ஊழியர் நலன்புரிச் சங்கம் ஒரு மலர் போடுகிறது, நீங்களும் ஒன்று எழுதித் தாருங்கள் என்றாள். எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். எழுதுகிறேன், ஆனால் அவசரப்படுத்தாதே என்றேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது இது. எழுத்துப்பிழை திருத்தியவர் பக்கத்து வீட்டு டீச்சர். கதையைத் திருத்த அவரை நான் விடவில்லை.

என் பெயர் சவேரியம்மா. லிந்துலைப் பக்கத்தில் பிறந்து, அங்கேயே தேயிலைக் கொழுந்து பறித்து, கல்யாணத்துக்குப் பிறகு நகரத்துக்கு வந்தவள். நீதிமன்றத்தில் கூட்டித் துடைக்கத்தான் முதலில் சேர்ந்தேன். ஒருநாள், பெயர் கூப்பிடும் ஆளுக்குச் சளி பிடித்துக் குரல் போய்விட்டது. நிரை பிடித்துப் பறிக்கும்போது இந்த மலையில் இருந்து அந்த மலைக்குக் கூப்பிட்டுப் பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பெயரைக் கூப்பிட்டேன். பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் ஓடி வந்தார். அன்றோடு துடைப்பம் வேறு ஆளுக்குப் போனது.

பெயர் கூப்பிடுவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு திங்கட்கிழமை அந்த வாசலில் நின்று பார்க்க வேண்டும். காலையில் எழுதுவினைஞர் பெயர்களை ஒருமுறை வாசிப்பார். எனக்கு அந்த ஒருமுறை போதும். மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்பது முறை. முதல் தரம் பெயர் மட்டும். நம் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று முத்தையா வருவார்கள், மூன்று பேரும் எழும்புவார்கள். அதனால் இரண்டாம் தரம் ஊரையும் சேர்த்துக் கூப்பிடுவேன், "பூண்டுலோயா முத்தையா" என்று. மூன்றாம் தரம் இழுத்து, நிறுத்தி, ஆள் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடிவர நேரம் கொடுத்துக் கூப்பிடுவேன். உள்ளே வருகிறவர் "இருக்கேங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்றாம் தரத்துக்கும் பதில் இல்லையென்றால் வழக்கு அவர் இல்லாமலே நடக்கும். என் வாசலில் நின்றுகொண்டே காது கேட்காமல் வழக்கைத் தோற்றவர் ஒருவரும் இல்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

நான் அதிக காலம் வேலை செய்தது ஒரு சிங்கள நீதிபதியின் கீழ். பெயர் எழுதவில்லை. உயிரோடு இருந்தால் கூச்சப்படுவார். தமிழ் அவருக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத் தெரியும். கோபம் வந்தால் குரல் கூடாது, குறையும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் சட்டத்தரணிமார் கோட்டைச் சரிபண்ணிக்கொண்டு எழும்புவார்கள். காணி, வீடு, கடை என்று எந்த வழக்கு வந்தாலும் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே கேட்பார்: "ரண்டுவ கொஹெத?" சண்டை எங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. சண்டை இல்லாமலா இரண்டு பேரும் காசு செலவழித்து இங்கே வந்து நிற்கிறார்கள்? போகப் போகத்தான் விளங்கியது. நடந்தது என்ன என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை உண்டா என்று அவர் தேடுகிறார். நடந்ததில் சண்டை இல்லையென்றால் சாட்சிக்காரரைக் கூப்பிட்டு நாளைக் கடத்துவானேன்? சட்டத்தைப் பார்த்து அன்றைக்கே முடித்துவிடலாம். சுருக்கமுறைத் தீர்ப்பு என்பார்கள். சண்டை இருந்தால் அப்படி முடிக்க முடியாது. சாட்சி கேட்க வேண்டும். அதற்கு விளக்கம் என்று பெயர். விளக்கம் என்றால் தவணை மேல் தவணை. என் தொண்டைக்கும் வேலை.

எல்லாச் சண்டையையும் அவர் சண்டை என்று ஏற்றுக்கொள்ளவும் மாட்டார். ஒரு கடைக்காரர் இருந்தார். குத்தகைக் காலம் முடிந்தும் கடையைக் கொடுக்கவில்லை. சொந்தக்காரர் வியாழக்கிழமை வந்து கேட்டதாகச் சொன்னார். இவர், "பச்சப் பொய்ங்கய்யா, அவரு வந்தது வெள்ளிக்கிழம" என்று நெஞ்சில் அடித்துச் சொன்னார்.

ஐயா கண்ணாடியைத் துடைத்தார். "சரி, வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை குத்தகை இருந்ததா?"

"இல்லைங்க. அது முடிஞ்சு போச்சு."

தீர்ப்பு அந்த இடத்திலேயே வந்தது. கடைக்காரர் வெளியே வந்து என்னிடம், "வெள்ளிக்கிழமைன்னு ஒத்துக்கிட்டாரு பாத்தீங்களா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். பாதி வழியில்தான் விளங்கியிருக்கும்.

இன்னொருவர் எதைக் கேட்டாலும் "எல்லாம் பொய்" என்று மட்டும் சொன்னார். ஐயா மெதுவாகப் பேச ஆரம்பித்தார். "எல்லாம் பொய் என்றால் உண்மை என்ன? அதைச் சொன்னால்தான் சண்டை." அந்த மனிதர் மறுபடியும் "எல்லாம் பொய்" என்றார். அவருக்கும் அன்றைக்கே முடிந்தது.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. நான் கூப்பிட்டும் வராத ஒருவருக்காக, "ஐயா, உடப்புசல்லாவையில மண்சரிவாம், பஸ் வரலையாம்" என்று வாசலில் இருந்தே சொல்லிவிட்டேன். ஐயா என்னைக் கூப்பிட்டார். "சவேரியம்மா, இந்தக் கதவால் நீ பெயரை மட்டும் கொண்டுவா. கதை வர வேறு வழி இருக்கிறது. உனக்கு இரக்கமான கதையை நீ கொண்டுவந்தால், இரக்கமில்லாத கதை வெளியே நின்றுவிடும்." மண்சரிவு உண்மைதான். இன்றைக்கும் நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு என் வாயால் அந்தக் கதவுக்குள் பெயரைத் தவிர ஒரு வார்த்தை போகவில்லை.

இனிப் பேச்சியம்மா வழக்குக்கு வருகிறேன். ரஞ்சனி கேட்டதே அதைத்தான்.

பேச்சியம்மா லிந்துலைப் பெண். புருசன் செத்து ஒரு வருசம் ஆகியிருந்தது. மெயின் ரோட்டுக்கு மேலே, தோட்டத்துக்கு வெளியே, ஒரு சின்ன மரக்கறிக் காணியும் அதில் ஒரு வீடும். கரட், லீக்ஸ் போட்டுப் பிழைத்தாள். வழக்குப் போட்டது அவளுடைய மூத்தார், புருசனின் அண்ணன் கறுப்பையா. காணியின் உறுதிப் பத்திரம் அவர் பெயரில் இருந்தது. தம்பி இருக்கும்வரை பேசாமல் இருந்தவர், தம்பி போனதும் வீட்டை விட்டு எழும்பு என்றார். பேச்சியம்மா சொன்னது வேறு. காணி வாங்கும்போது தம்பிக்குப் பிரஜாவுரிமை இல்லை, அண்ணனுக்கு இருந்தது. அதனால் உறுதியைப் பேருக்கு அண்ணன் பெயரில் எழுதினார்கள். காணி இரண்டு பேருக்கும் பொது. கல் அடுக்கி, மண் சுமந்து, பாத்தி கட்டியது தானும் புருசனும் என்றாள். மலையகத்தில் அந்தக் காலத்தில் இப்படி எழுதாத குடும்பம் குறைவு. தோற்றால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. தொழிலாளர் லயத்து வீட்டை விட்டுவிட்டு வந்தவள்.

அன்றைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டேன். "இருக்கேங்க" என்று உள்ளே போனாள். புதுச் சேலை, காலில் மண். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்திருக்கிறாள்.

கறுப்பையாவின் சட்டத்தரணி எழும்பி, இதில் விளக்கம் வேண்டியதில்லை, உறுதி எங்கள் பெயரில் இருக்கிறது, இன்றைக்கே தீர்ப்புத் தாருங்கள் என்றார். ஐயா கண்ணாடியைத் துடைத்து, சண்டை எங்கே என்று கேட்டார். பேச்சியம்மாவின் சட்டத்தரணி ஒரு சிங்கள இளைஞர், தொழிலுக்குப் புதிது. பொதுக்காணி என்றும், பாடுபட்டவர்கள் இவர்கள் என்றும் சொன்னார். அதை அவள் வாயால் கேட்கலாம் என்று ஐயா அவளை முன்னுக்கு அழைத்தார்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவரை நாங்கள் முதலியார் என்போம். அப்போது இருந்த முதலியார் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், நல்ல படிப்பு. எங்கள் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான். ஐயா கேட்டதைத் தமிழில் கேட்டார்.

"அம்மா, தோட்டத்தில உங்கட பேர் இருக்குதோ?"

"இருந்துச்சுங்க. பெறகு வெட்டிட்டாங்க."

"வெட்டினவையோ? ஏன்?"

"நான் வேலைக்குப் போகலீங்க. அதான் வெட்டிட்டாங்க."

முதலியார் அதை ஒரு சொல் பிசகாமல் சிங்களத்தில் சொன்னார். தோட்டத்தில் அவளுடைய பெயர் இருந்ததாம், அவள் அங்கே வேலை செய்யாததால் பெயரை வெட்டிவிட்டார்களாம்.

எழுதுவினைஞரின் பேனா நின்றது. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழும்பியே விட்டார். "இதற்கு மேல் என்ன வேண்டும்? அவளே ஒத்துக்கொள்கிறாள். காணியில் பெயரும் இல்லை, பாடும் படவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றையே சொல்கிறது." இளம் சட்டத்தரணி கோப்பைத் திருப்பித் திருப்பிப் புரட்டினார். ஐயா எழுதிக்கொண்டார். "பகலுக்குப் பிறகு கட்டளை" என்றார்.

நான் வாசலில் நின்றவள். காதில் விழுந்தது, ஆனால் அடுத்த வழக்கின் பெயர்களை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. கறுப்பையா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெல்லப்போகிறவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

பகல் இடைவேளையில் பேச்சியம்மா வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிரித்து எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வழக்கில் உள்ளவர்களிடம் வாங்கக்கூடாது என்றேன்.

"ஏங்கக்கா, எனக்கு ஒன்னு வெளங்கல. நான் தோட்டத்துல பேர் பதிஞ்சிருக்கேனா இல்லையான்னு இங்க எதுக்குக் கேக்குறாங்க? காணி வழக்குக்கும் கொழுந்துக்கும் என்னா சம்பந்தம்?"

காலையில் உள்ளே நடந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வெளியூர் ஆட்கள் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தான். வேறு தோட்டம் கிடையாது. பேர் என்றால் அந்தத் தோட்டத்தில் வேலைக்காரராகப் பதிந்த பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றால் பேர் விழும், பாதி நாள் வேலைக்கு அரைப்பேர், நாள்கணக்கில் வராவிட்டால் பேரை வெட்டுவார்கள். மரக்கறி போடுகிற இடத்தை நாங்கள் காணி என்போம். முதலியாருடைய ஊரிலோ தோட்டம் என்றாலே மரக்கறிதான். சிங்களத்திலும் "வத்த" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கும். அவர் ஒன்றைக் கேட்டார், இவள் இன்னொன்றுக்குப் பதில் சொன்னாள், ஐயா அந்தப் பதிலை மரக்கறிக் காணிக்கு என்று எழுதிக்கொண்டார். பொய் சொன்னது யாரும் இல்லை. வீடு மட்டும் போகப்போகிறது.

உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல என் கால் துடித்தது உண்மை. ஆனால் கதை வரும் வழி அதுவல்ல. நான் சொன்னது இவ்வளவுதான்:

"இந்தா பாரும்மா. இப்ப என்கிட்ட கேட்ட இதே கேள்விய ஒங்க லோயர்கிட்ட போய்க் கேளு. ரொட்டிய அப்புறம் தின்னலாம்."

"அவருக்குத் தமிழ் தெரியாதேக்கா."

"சிங்களத்துல கேளு. மார்க்கட்டுல பேசுறல்ல?"

போனாள். இளம் சட்டத்தரணி கண்டீன் வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் தூணோரம் நின்று பார்த்தேன். "மாத்தயா, வத்தே மகே நம நே" என்கிறாள். தோட்டத்தில் என் பெயர் இல்லை. அவர் ரொம்ப அலுப்பாகத் தலையாட்டுகிறார், அதைத்தான் சொல்லிக் கெடுத்துவிட்டாயே என்கிற மாதிரி. இவள் திரும்பவும் அதையே சொல்கிறாள். அவர் திரும்பவும் தலையாட்டுகிறார். பேச்சியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வெறும் காற்றில் கொழுந்து பறித்தாள். டக்டக்கென்று கிள்ளி, தோளுக்கு மேலால் இல்லாத கூடைக்குள் எறிந்தாள். "அன்ன ஏ வத்த" என்றாள், அந்த வத்த என்று.

அவர் பிளேன்டீயை மதில்மேல் வைத்துவிட்டு ஓடினார். நீதிமன்ற வளவில் ஒரு சட்டத்தரணி ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பகலுக்குப் பிறகு அவளை மறுபடியும் கூப்பிட்டேன். அன்றைக்கு என் குரலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். இளம் சட்டத்தரணி விசயத்தைச் சொன்னார். ஐயா கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. முதலியாரைப் பார்த்தார். முதலியார், "ஐயா, எனக்குத் தோட்டம் எண்டா வெங்காயம்தான் ஞாபகம் வரும். இவவுக்கு அப்பிடி இல்லைப் போல கிடக்கு. திரும்பக் கேக்கிறன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்காக எனக்கு அவரை இன்றைக்கும் பிடிக்கும்.

"அம்மா, பேர் வெட்டினது தேயிலைத் தோட்டத்திலயோ, மரக்கறித் தோட்டத்திலயோ?"

பேச்சியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மரக்கறிக் காணிக்கு எந்தக் கங்காணிங்க பேர் போடுவாரு? தேயிலைத் தோட்டத்துலதாங்க வெட்டுனாங்க."

"ஏன் வேலைக்குப் போகேல்ல?"

"எப்படிங்க போறது? காணியில லீக்ஸு நிக்குது, கரட்டு நிக்குது. காலையில தண்ணி, அந்தியில களை. அவரு கல்லு ஒடைக்க நான் மண்ணு சுமக்க, வருசமெல்லாம் அங்கேயே கெடந்தோம். கொழுந்துக்குப் போக நேரம் ஏதுங்க? அதுலதான் பேரும் போச்சு."

முதலியார் சொல்லி முடித்ததும் பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை, ஆனால் உதடு ஒரு பக்கம் போனது. காலையில் அவளைக் கவிழ்த்த அதே பதில், காணியில் பாடுபட்டவள் என்று இப்போது அவள் பக்கம் நின்றது.

எதிர்ப்பக்கச் சட்டத்தரணி விடவில்லை. "சாப்பாட்டு நேரத்தில் சோடித்த கதை. காலையில் ஒன்று, இப்போது ஒன்று."

ஐயா மெதுவாகப் பேச ஆரம்பித்தார். "இருக்கலாம். சோடித்ததா, நடந்ததா என்று நான் இந்த நாற்காலியில் இருந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் சாட்சி. மண் சுமந்தது யார் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையில்தான் காணி யாருக்கு என்பது தங்கியிருக்கிறது. இது வெள்ளிக்கிழமைச் சண்டை இல்லை. விளக்கத்துக்குப் போடுகிறேன்."

வெளியே வந்து பேச்சியம்மா என் கையைப் பிடித்தாள். "ஜெயிச்சிட்டேனாக்கா?"

"இல்லம்மா. ஒன் கதைய கேக்கப் போறாங்க."

"அவ்வளவுதானா?"

"அதுக்கே ஓடுனாரு பாத்தியா ஒங்க லோயரு."

விளக்கம் நீண்டது. அடுத்த காணிக்காரர் வந்தார், கல் ஏற்றிய லொறிக்காரர் வந்தார். கடைசியில் கறுப்பையாவே சாட்சிக் கூட்டில் ஏறினார். இளம் சட்டத்தரணி, இப்போது அவ்வளவு இளமையாக இல்லை, ஒரு கேள்வி கேட்டார்.

"அன்றைக்கு இவர் தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள் என்று சொன்னபோது, எந்தத் தோட்டம் என்று உங்களுக்கு விளங்கியதா?"

கறுப்பையா மறுபடி சப்பாத்தைப் பார்த்தார். "வெளங்குச்சுங்க. தேயிலைத் தோட்டம்."

"அப்படியென்றால் ஏன் சும்மா இருந்தீர்கள்?"

"என்கிட்ட யாரும் கேக்கலீங்க."

"இப்போது கேட்கிறேன். அந்தக் காணியில் கல் அடுக்கியது யார்?"

அவர் நல்ல மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சத்தியம் செய்துவிட்டு நின்ற மனிதர். "தம்பிதாங்க. தம்பியும் அதுவும்" என்று பேச்சியம்மா பக்கம் கையைக் காட்டினார். அந்த வழக்கில் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

காணி இரண்டாகப் பிரிந்தது. வீடு நின்ற பாதி பேச்சியம்மாவுக்கு. அவள் பெயரில் புது உறுதி எழுதும்வரை அவள் போக வர என் வாசலில் ஒரு வார்த்தை பேசாமல் போனதில்லை.

நான் ஓய்வு பெறும் வாரத்தில் ஒருநாள், வழக்கு ஒன்றும் இல்லாமல் வந்தாள். பையில் லீக்ஸ் கட்டு. "இப்ப வாங்கலாம்ல? வழக்கு முடிஞ்சிருச்சு" என்றாள். வாங்கினேன். பை பாரமாகத்தான் இருந்தது. அவள் படி இறங்கி ரோட்டைத் தாண்டி, பஸ் ஏறும் இடத்துக்குப் போய்விட்டாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ தோன்றியது. வாசலில் என் இடத்தில் நின்று, வேலைக்கு என்று இல்லாமல், சும்மா கூப்பிட்டேன்.

"பேச்சியம்மா."

"லிந்துலை பேச்சியம்மா."

மூன்றாம் தரம் இழுத்து, நிறுத்தி, "லிந்துலை பேச்சியம்மா, தோட்டத்துல பேர் இருக்கா?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பனிக்குள்ளே இருந்து அவளும் மலைக்கு மலை கேட்கிற குரலில் பதில் கொடுத்தாள். வழக்கமாகச் சொல்லும் "இருக்கேங்க" இல்லை.

"இருக்குங்க" என்றாள்.